போர்வையைத் தூக்கிப் பார்த்த அக்கா

போன ஐப்பசியில் அம்மா பொடக்காளியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நல்லபடியாகவே முடிந்தது. நாலாம் நாள் எதிர்வீட்டு அக்கா பார்க்க வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு நர்ஸாக இருந்து, ஓய்வு வயது 58ஆக இருந்த காலத்திலேயே வீட்டுக்கு வந்தவர். ஆரஞ்சுப் பையை வைத்தார், போர்வையைத் தூக்கினார், அம்மாவின் குதிங்காலைப் பார்த்தார். நலம் விசாரித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். நாங்களோ நாலு நாளாகத் தையல் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குதிங்கால் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார், சிவப்பு வெளுக்கவில்லை. "படுக்கைப்புண்ணு ஆரம்பிக்குதுங்க" என்றார். அடியில் தண்ணீர் நிரப்பிக் கட்டிய கையுறை ஒன்று கிடந்தது.

சத்தம் போட எழுந்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அதை வைத்த வார்டு நர்ஸ் பெண்ணுக்கு மருந்து வேலை ஓயும்வரை காத்திருந்து, வராண்டாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார்.

"ஏங்கண்ணு, கையுறை உருண்டு போயிருமல்லோ? கெண்டைக்கால் நெடுகத் தலகாணி குடுத்தா குதிங்கால் அந்தரத்துல நிக்கும்."

"தெரியுமுங்க மேடம். தலகாணிதான் இல்லீங்க."

அவ்வளவுதான் விஷயம். ராத்திரி டூட்டி என்றால் 26 படுக்கைக்கு அவள் ஒருத்தி. கையுறை அவளே யோசித்துச் செய்த ஒப்பேற்றல். நான் கத்தியிருந்தால் அழுதிருப்பாள், தலையணை வந்திருக்காது. அக்கா நேராகச் சூப்பிரண்டு மேடத்திடம் போனார். புகாராக இல்லை, தலையணை கேட்டு. சாயங்காலமே எட்டு வந்தது.

இன்னொன்றும் நடந்தது. சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்த்து விடலாமே என்றார் அக்கா. "இப்பத் தேய்க்கக்கூடாதுங்க மேடம், உள்ள இருக்கற சதை இன்னும் கெட்டுப்போயிரும்" என்றாள் அந்தப் பெண். அவள் சொன்னதுதான் இன்றைய முறை. அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. "நாங்க வருஷக்கணக்காத் தேச்சமே சாமி!" என்று சிரித்துவிட்டார்.

படுக்கைப்புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயின் மேல் இல்லை, பராமரிப்பின் மேல்தான் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 160 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். பெரிய மனுஷி சொன்னது. ஆனாலும் தலையணை இல்லாத வார்டில் அந்தக் குற்றத்தை யார் தலையில் வைப்பது?

நம் ஊரில் கோபி, பெருந்துறை, தாராபுரம், பொள்ளாச்சி என்று எங்கே பார்த்தாலும் ஓய்வுபெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள். பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டால் பகல் பூராவும் சீரியல். இவர்களில் விருப்பப்பட்டவர்களை வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் வார்டில் உட்கார வைத்தால் என்ன? இடித்துச் சொல்கிற, ஆனால் கூடவே நிற்கிற ஆளாக.

ஆய்வுக்குத்தான் குழு வருகிறதே என்பீர்கள். வரட்டும், வேண்டியதுதான். அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தரும் தேசியத் தரச் சான்றுக்கு 70 சதவீத மதிப்பெண் வாங்கியாக வேண்டும். அன்றைக்குத் தரை பளபளக்கும், படுக்கை விரிப்பு புதுசாக இருக்கும். மதிப்பெண் போட வருகிறவரிடம் "தலகாணி இல்லீங்க" என்று எந்தப் பெண் வாய் திறப்பாள்? மார்க் போடாத, மெமோ கொடுக்க முடியாத, அந்த ராத்திரி டூட்டியைத் தானும் பார்த்துத் தேய்ந்த ஒருவரிடம்தான் அது வரும்.

எனக்கும் ரெண்டு பயம் உண்டு. நிர்வாகத்துக்கு ஒற்றர் வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்தாலும் போதும், மொத்தமும் கெட்டுவிடும். பார்த்ததை முதலில் அந்த நர்ஸிடம்தான் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய பயம், சும்மா வருகிறார்களே என்று காலிப் பணியிடத்தை இவர்களை வைத்து ஓட்டிவிடுவார்கள். 2017 நவம்பரில் ஒப்பந்த நர்ஸ்கள் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்தது. அந்த மாதிரிக் கணக்குப் போட்ட நாட்டில் இந்தப் பயம் வீண் பயம் இல்லை.

"கூப்பிட்டாப் போவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு காசுகூட வேண்டாம். ஆனா ஆளில்லை, ஒரு ஊசி போட்டுட்டுப் போங்கன்னு சொன்னாங்கன்னா, அன்னிக்கே திரும்பி வந்துருவேன்" என்றார்.