தைலக் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவன் பெட்டியில் கோடாலித் தைலமும் டைகர் பாமும் இல்லாவிட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த இரண்டையும் பற்றி எனக்குப் புகார் எதுவும் கிடையாது. இப்போது புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். "மூட்டு வலிக்குச் சீன மாத்திரை இருக்காமேப்பா, பக்கத்து வீட்டு அம்மா தின்னுட்டு நாலே நாள்ல மாடிப்படி ஏறுறா, வரும்போது அதை வாங்கிட்டு வந்துரு" என்று பெரியம்மா வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்தார். கூடவே டப்பாவின் படம். சீன எழுத்து, மூங்கில் தோப்பு, வெள்ளைத் தாடி வைத்த ஒரு தாத்தா. உள்ளே இருப்பது என்ன என்று எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை.

வாங்கி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கோபம். ஃபோனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சீன வைத்தியம் மொத்தமும் டுபாக்கூர் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷ ஞானம், கேள்வி கேட்காதே என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டிலும் இல்லை. அடிபட்டால், வலித்தால் சீனர்கள் பயன்படுத்தும் மருந்துகளில் நல்ல சரக்கு நிறைய இருக்கிறது. என்ன சரக்கு என்று சொல்ல மறுக்கிற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

முதலில் தைலம். கோடாலித் தைலம் ஏதோ பழங்காலச் சீன மருந்து என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1928-இல் லியுங் யுன் சீ என்பவர் சிங்கப்பூரில் ஆரம்பித்த கம்பெனி அது. செய்முறையை ஒரு ஜெர்மன் டாக்டரிடமிருந்து வாங்கியதாகக் கம்பெனியே சொல்கிறது. டைகர் பாமோ ரங்கூனில் பிறந்தது. ஆவ் சூ கின் என்ற ஹக்கா இனச் சீன வைத்தியர் 1870-களில் அங்கே கடை போட்டார். 1908-இல் அவர் இறந்தபின் மகன்கள் பூன் ஹாவும் பூன் பாரும் தைலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய், 1926-இல் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். அன்றைய ரங்கூன் பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர், செட்டியார் வட்டிக்கடைகளும் தமிழ்க் கூலிகளும் நிறைந்த ஊர். நம் தாத்தாக்களில் சிலர் அந்தக் கடையைத் தாண்டி நடந்திருப்பார்கள்.

டைகர் பாமில் புலி இல்லை. கேட்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். ஆனால் புலி எலும்பைச் சாராயத்தில் ஊறப்போட்டு மூட்டு வலிக்குக் குடிக்கும் வழக்கம் சீனாவில் நிஜமாகவே இருந்தது. 1993-இல் சீன அரசு அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. கள்ளச்சந்தை நிற்கவில்லை. தோலுக்கும் எலும்புக்கும் நடந்த வேட்டையில் நம் காடுகளும் பறிகொடுத்தன. 2005 வாக்கில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை.

இந்தத் தைலங்கள் வேலை செய்யும் விதம் இன்று தெளிவாகத் தெரியும். மெந்தால், தோலுக்கடியில் குளிரை உணரும் நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்கிற புரத வாயிலைத் திறந்துவிடுகிறது. 2002-இல் இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கால் சில்லிடவே இல்லை, ஆனால் சில்லிட்டதாக மூளைக்குச் சேதி போகிறது, அந்தச் சந்தடியில் வலி கொஞ்சம் அடங்குகிறது. தேய்க்கிற கையின் சூடும் சும்மா போவதில்லை. உடைந்ததை இது ஒட்டாது, வீக்கத்தின் காரணத்தையும் தீர்க்காது, ராத்திரி தூங்க விடும். அந்த விலைக்கு அது போதும். (உலகிலேயே அதிகமாக மெந்தால் புதினா விளைவது உத்தரப் பிரதேசத்தில். நாம் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குச் சுமந்துபோவதில் பாதி, ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கலாம்!)

ஒரு எச்சரிக்கை மட்டும். பல தைலங்களில் மெதில் சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரச் சரக்கு. சில சீனத் தைலங்களில் பாதிக்குப் பாதி அதுதான். கலப்பில்லாத மெதில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சின்னக் குழந்தையின் உயிரே போகலாம். தைலக் குப்பியைச் சாமி மாடத்தில், குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கிறவர்கள் இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பு முழுக்க இதைத் தினமும் பூசிக்கொண்டால் ரத்தம் அளவுக்கு மீறி இளகும். இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், குப்பியின் மேல் எழுதியிருப்பதுதான்.

அடுத்தது டிட் டா, அதாவது அடிக்கும் எலும்பு முறிவுக்கும் பார்க்கும் சீன வைத்தியம். சிங்கப்பூர், மலேசியாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கால் பிசகினால் சின்சே என்கிற சீன வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, மேலெல்லாம் மூலிகை நாற்றத்தோடு பஸ்ஸில் திரும்பிய அனுபவம் இங்கே எல்லா இனத்துக்கும் உண்டு. தென்சீனத்தில் குங்ஃபூ ஆசான்களே எலும்பு வைத்தியமும் பார்த்தார்கள். ஜெட் லீ படங்களில் பார்த்த வோங் ஃபெய்-ஹுங் (1847–1925) கற்பனைப் பாத்திரம் இல்லை, ஃபோஷான் ஊர்க்காரர், போ சி லாம் என்ற வைத்தியசாலையை நடத்தியவர். கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை சொல்லிக்கொடுக்கும் ஆசானே வர்மத்துக்கு எண்ணெயும் காய்ச்சுகிறாரே, அந்த மாதிரி. அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு அடிபட்டவனைத் தேற்றவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் தேய்க்கும் சாராயத் தைலத்துக்கு டிட் டா ஜாவ் என்று பெயர். மூலிகைகளை இடித்து அரிசிச் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள், பழசானால் மதிப்பு கூடும். ஒவ்வொரு ஆசானுக்கும் ஒரு செய்முறை, பிரியமான சீடனுக்கு மட்டும் சொல்வார். ஆனால் திரும்பத் திரும்ப வரும் சரக்குகள் தெரிந்தவைதான். குந்திரிக்கம், வெள்ளைப்போளம், குசும்பாப்பூ, பதிமுகம், ரேவல்சின்னி, மஞ்சள், கற்பூரம், யுன்னான் மலையில் விளையும் சான்சி கிழங்கு. பாதிப் பட்டியலை நம்மூர் நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிவிடலாம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் சீன மண்ணில் விளைவதில்லை. அரபிக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்கக் கொம்பிலிருந்தும் கப்பலில் போனவை. ராஜராஜ சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தபோது முத்தோடும் யானைத் தந்தத்தோடும் குந்திரிக்கமும் கொடுத்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. (அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ராஜராஜனே இறந்துவிட்டான்.) சீனத் துறைமுகமான சுவான்சோவின் கடலோரச் சேற்றில் 1974-இல் தோண்டியெடுத்த 13-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் குந்திரிக்கமும் கிடைத்தன. அதே சுவான்சோவில்தான் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. எனவே "இது சீனாக்காரன் மட்டுமே அறிந்த ரகசியம்" என்று யாராவது என்னிடம் குப்பியை நீட்டினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சிரிக்க முடியாத ஒரு சரக்கும் அதில் உண்டு. காட்டு நாவி. நம் சித்த மருத்துவத்தில் நாவி, நாபி என்று சொல்கிறோமே, அதன் சீனத்து உறவு. அதிலுள்ள அகோனிட்டின் நரம்பிலும் இதயத்திலும் சோடியம் வாயில்களை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். வெகுநேரம் கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு உடைந்து, வீரியம் மிகக் குறைந்த பொருளாக மாறும். சீனர்களுக்கும் இது தெரியும், நம் வைத்தியர்களுக்கும் தெரியும். அதனால்தான் நாவியை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை. அந்தக் கொதியில் சோம்பல் பட்டால் ஆள் ஆஸ்பத்திரியில். ஹாங்காங் மருத்துவமனைகள் இப்படிப்பட்ட விஷ பாதிப்புகளைப் பல வருஷமாகப் பதிவு செய்து வருகின்றன. நாவி இருக்கிற மருந்தைச் சாப்பிடுகிறவனுக்கு அது இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா?

இப்போது யுன்னான் பாய்யாவ். ரத்தக் கசிவுக்கும் அடிக்கும் சீனாவில் பேர்போன வெள்ளைப் பொடி. 1902-இல் சூ ஹுவான்ஜாங் என்ற வைத்தியர் உருவாக்கியது. சின்னக் குப்பியில் பொடியோடு ஒரே ஒரு சிவப்பு உருண்டையும் இருக்கும், பலத்த அடிக்கு மட்டும் அதை விழுங்க வேண்டும். போர்க்காலத்தில் சீனப் படைவீரர்களின் பையில் இருந்த மருந்து. செய்முறையைக் கேட்டு அதிகாரத்தில் இருந்தவர்கள் சூவை நெருக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1938-இல் சுங்கிங்கில் இறந்துபோனார். 1950-களின் நடுவில் அவர் மனைவி அதை மக்கள் அரசிடம் ஒப்படைத்தார். அன்றிலிருந்து அது அரசு ரகசியம்.

2013 பிப்ரவரியில் ஹாங்காங் சுகாதாரத் துறை, யுன்னான் பாய்யாவ் பொருள்கள் ஐந்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. உறையில் குறிப்பிடாத நாவி ஆல்கலாய்டுகள், அதாவது அகோனிட்டின் வகைச் சரக்குகள், உள்ளே இருந்தன. பதப்படுத்தும்போது நச்சு போய்விடுகிறது என்றது கம்பெனி. போகலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் மக்கள் விழுங்கிக்கொண்டிருந்த ஒரு மருந்தில் நாவி இருப்பது, சீனாவிலேயே 2014 வாக்கில்தான் உறைத்தாளில் ஏறியது. இதய நோயாளி ஒருவர் அதுவரை அதைத் தெரியாமலேதான் விழுங்கியிருப்பார்.

மறைப்பது இப்படி என்றால், தப்பாக எழுதுவது இன்னொரு வகை. ஜின் பு ஹுவான் என்று ஒரு வலி மாத்திரை. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று குழந்தைகள் அதை விழுங்கி, மூச்சும் இதயத் துடிப்பும் தாழ்ந்து உயிராபத்து வரை போனார்கள். டப்பாவில் ஒரு செடியின் பெயர், உள்ளே இருந்ததோ அந்தச் செடியில் இல்லாத டெட்ராஹைட்ரோபால்மட்டின். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் நடந்தது இதைவிடக் கோரம். மூட்டு வீக்கத்துக்குச் சீனர்கள் பயன்படுத்தும் ஃபாங் ஜி என்ற வேரை உடல் இளைக்கும் மருந்தில் சேர்க்க நினைத்தார்கள். பெயர் ஒற்றுமையால் குவாங் ஃபாங் ஜி வந்து சேர்ந்தது. அது நம் ஆடுதின்னாப்பாளையின் குடும்பம். நூற்றுக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பாழானது, பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆடுதின்னாப்பாளையை அரைத்துக் குடிக்கச் சொல்லும் யூடியூப் வைத்தியர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெரியம்மா கேட்ட "நாலே நாள்" மாத்திரைக்கு வருகிறேன். மூலிகை அவ்வளவு வேகமாகப் பேசாது. மூட்டு தேய்ந்த அறுபது வயதுக்காரர் நாலு நாளில் மாடி ஏறினால் என் முதல் சந்தேகம் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. இயற்கை மருந்து என்று விற்ற வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரித்திருக்கிறது. முதலில் வலி போகும், பசி எடுக்கும், தெம்பு வரும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். விஷயம் தெரிந்து சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, ஏனென்றால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். ஆகவே அந்தப் பக்கத்து வீட்டு அம்மா டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகட்டும்.

சரக்கு நல்லதாக இருந்தால் அதைத் திறந்து காட்டுவதில் நஷ்டம் இல்லை என்பதற்கு யான்ஹுசுவோ கிழங்கு இருக்கிறது. வலிக்குச் சீனர்கள் காலங்காலமாகத் தருவது. காடியில் ஊறவைத்து வறுப்பார்கள். அமிலத்தில் ஆல்கலாய்டு உப்பாக மாறி நீரில் நன்றாக இறங்கும் என்று வேதியியல் பிற்பாடு விளக்கியது. அந்தக் கிழங்கிலிருந்து பிரித்த ஒரு பொருள் எலிகளில் வலியைக் குறைப்பதாகக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். எலிதான், மனிதன் இல்லை, இன்னும் தூரம் இருக்கிறது. இருந்தாலும் பெயர் தெரிந்ததால்தான் சோதிக்க முடிந்தது.

ஹாங்காங்கில் எலும்பு வைத்தியம் இன்று பதிவு பெற்ற சீன மருத்துவத்தின் ஒரு பிரிவு. சிங்கப்பூரிலும் சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்ற சின்சே எக்ஸ்ரே எடுத்துவிட்டு வா என்று அனுப்புவார். அனுப்பாதவரிடம் நான் போகமாட்டேன்.

"ரகசியம்தானே மரபு, குரு சிஷ்யனுக்குத்தானே சொல்வார்" என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. சீனாவின் டாங் அரசர்கள் காலத்தில், 840-களில், ஜியாங்சி பக்கம் லின் என்ற துறவி ஒருவர் தனியாக வாழ்ந்தார். பெங் என்ற கிழவரின் மகன் மரம் வெட்டப் போய் மேலிருந்து விழுந்து கழுத்தும் கையும் முறிந்து கிடந்தான். துறவி அவனைத் தேற்றினார். சேதி பரவியது, கூட்டம் கூடியது. தொல்லை பொறுக்காமல் மொத்த வித்தையையும் கிழவருக்கே சொல்லிக்கொடுத்து, ஏட்டையும் கொடுத்துவிட்டார். சீனத்தில் எலும்பு முறிவுக்கென்றே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் அதுதான். முறிந்த எலும்பை இழுத்துப் பொருத்துவது எப்படி, மரப்பட்டைச் சிம்பை எப்படி வைத்துக் கட்டுவது, கட்டிய பிறகும் மூட்டை ஏன் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எந்தப் பொடியில் எந்தச் சரக்கு எத்தனை எடை, எல்லாம் அதில் இருக்கிறது. நாவி சேர்த்த இடங்களில் நாவி என்றே எழுதியிருக்கிறார்.