அலமாரியில் சும்மா இருந்த கிட்டார்

"அதிகம் வாசிக்கவே இல்லை சார், அலமாரியில் சும்மாதான் இருந்தது" என்று சொல்லி விற்றார் அந்த மனிதர். அலமாரியில் சும்மா இருந்த கிட்டாருக்கு கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில், அதாவது முதல் மூன்று ஃப்ரெட்டிலும், கம்பி பதிந்த பள்ளம் எப்படி வந்ததாம்? கரப்பான்பூச்சி வாசித்ததா?

வாங்கி மூன்று வாரம் ஆகிறது. ஒரு பாட்டு முழுசாக வாசித்ததில்லை. ட்யூன் மட்டும்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் சாயலில் செய்தது; கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், பின்பக்கம் ஸ்பிரிங் வைத்து முன்னும் பின்னும் சாயும் ட்ரெமோலோ வகை. ஆறாவது கம்பியை ஏற்றினால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்தும் சுருதி இறங்கிவிடுகின்றன. அவற்றை ஏற்றினால் ஆறாவது இறங்குகிறது. இது வாத்தியமா, கூட்டுக் குடும்பமா?

வால்யூம் குமிழைத் திருகினால் அப்பளம் நொறுங்கும் சத்தம். ஜாக் லூஸ், கேபிளைத் தொடையால் ஒருமாதிரி அழுத்திப் பிடித்தால்தான் ஆம்ப்பில் உயிரே வரும். அப்புறம் அந்த ரீங்காரம்! கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப், ஒற்றைச் சுருள் வைத்த சிங்கிள் காயில் வகை என்றால் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், சரி, ஒத்துக்கொள்கிறேன். கம்பியில் கை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் மறுபடியும் 'ம்ம்ம்ம்'. தொட்டில் குழந்தைகூட இவ்வளவு அடம் பிடிக்காது.

நெக் வளைவைச் சரிசெய்யலாம் என்றால் நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகும் ஆலன் கீயைக் காணோம். விற்றவருக்கு போன் போட்டேன். "அது எனக்குத் தேவைப்பட்டதே இல்லையே சார்" என்கிறார். எப்படித் தேவைப்படும்? அலமாரியில்தானே இருந்தது!