பூர்ணம் விஸ்வநாதனுக்குக் குரல் மட்டுமா இருந்தது?

நடிகர் பூர்ணம் விஸ்வநாதன் பற்றிப் பேச்சு வந்தாலே, "வானொலிக்காரர் இல்லையா, அதான் வசனம் அவ்வளவு சுத்தம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. செய்தி வாசிக்கிறவரின் சுத்தம் சினிமாவில் உதவாது, கெடுக்கத்தான் செய்யும். அவர் வானொலியிலிருந்து எடுத்து வந்தது வேறு.

1947 ஆகஸ்ட் 15 காலை தில்லியிலிருந்து ஒலிபரப்பான தமிழ்ச் செய்தியில், நாடு விடுதலை பெற்றதை வாசித்தவர் அவர். அப்போது வயது 25. அந்த நாளில் தில்லித் தமிழ்ச் செய்திப் பிரிவில் வாசிப்பவர்தான் மொழிபெயர்ப்பாளரும். ஆங்கிலத்தில் தாள் வந்து விழும், அதைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போகவேண்டும்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. "சென்ற மாதம் அறிவிக்கப்பட்ட வரிச்சலுகையை இந்த ஆண்டே நடைமுறைக்குக் கொண்டுவர அரசு முடிவு செய்யவில்லை" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள். புதிதாக வாசிக்கிறவர் 'அரசு' வரும்போதே மூச்சைத் தீர்த்துவிடுவார். கடைசி 'வில்லை' தேய்ந்துவிடும். கேட்பவருக்குச் செய்தியே தலைகீழாகப் போய்ச் சேரும். அதனால் மொழிபெயர்க்கும்போதே வாக்கியத்தை இரண்டாக உடைக்கவேண்டும். உடைக்க முடியாவிட்டால், மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.

தாளைக் கையாள்வது தனிக் கலை. குண்டூசியோ ஸ்டேப்ளரோ கூடாது. ஒரு பக்கம் மட்டும் எழுத்து இருக்கவேண்டும், வாக்கியம் அடுத்த தாளுக்குத் தாவக்கூடாது. முடித்த தாளைத் தூக்கிப் புரட்டாமல் மேசையோடு நகர்த்தவேண்டும். சலசலப்பை மைக் மழைச்சத்தம் மாதிரி பெரிதாக்கிவிடும். 'ப'கரம் மைக்கில் குத்தும் என்பதால் ஒரு சாண் தள்ளி, வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசுவார்கள். நேரம் மிஞ்சினால் படிக்க இரண்டு சின்னச் செய்திகள் கைவசம் இருக்கும். நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அவைதான்.

இப்படிப் பழகிய குரலை டப்பிங் தியேட்டரில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி பெரும்பாலும் டப்பிங்குக்கு வழிகாட்டிதான். காட்சியைத் துண்டு துண்டாக்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, உதட்டசைவு பார்த்துப் பேசவேண்டும். வாசிப்பாளர் ஒவ்வொரு எழுத்தையும் முடித்தே தீருவார், அதனால் உதடு மூடிய பிறகும் சத்தம் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைத்துக் குரலை இறக்குவார். கோபக்காரன் அப்படிப் பேசமாட்டான். இன்னொன்று மூச்சு. வானொலியில் மூச்சுச் சத்தம் கேட்டால் தவறு. சினிமாவில் பயமும் ஆத்திரமும் பாதி மூச்சில்தான் இருக்கின்றன. பல வருடம் ஒளித்துப் பழகியதை வெளியே விடுவது லேசில்லை.

பூர்ணத்துக்கு இது எப்படிக் கைவந்தது? நடுவே மேடை இருந்தது என்பதே என் கணிப்பு. எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைத் தன் குழுவான பூர்ணம் நியூ தியேட்டர் மூலம் மேடையேற்றினார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் ஓய்வுபெற்ற சீனிவாசன் வேடம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு விருந்தாளியோடு அவர் பேசுவார், வீட்டார் பைத்தியம் என்பார்கள். கொஞ்சம் யோசித்தால், ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் படாத ஒருவருக்குச் செய்தி சொல்கிறவரின் வேலையும் இதுதானே! எதிரில் ஆள் இருக்கிறான் என்று முழுதாக நம்புவது. வானொலி அவருக்குக் கொடுத்தது இந்த நம்பிக்கையைத்தான் என்பேன்.

'வறுமையின் நிறம் சிவப்பு' 1980இல் வந்தபோது அவருக்கு 58 வயது. மகனோடு முரண்படும் சங்கீதக்கார அப்பா. இன்னொருவராக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பார். பூர்ணத்திடம் வீம்பும் வலியும் ஒரே குரலில் வரும். 'வருஷம் 16'இல் குடும்பத்துப் பெரியவர். 'மகாநதி' 1994இல், 72 வயதில். சிறைக்குள் இருக்கும் பஞ்சாபகேசனின் குரலில் செய்தி வாசிப்பாளரின் தடயமே இல்லை. தேய்ந்த, தயங்குகிற கிழவர் குரல். தன் மூலதனத்தையே ஒளித்துவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

இந்தி நடிகர் சுனில் தத்தும் ரேடியோ சிலோனில் இந்தி அறிவிப்பாளராக இருந்து திரைக்குப் போனவர்தான். ஆனால் அவர் இளம் வயதிலேயே கதாநாயகனாகப் போனார். பூர்ணம் பிரபலமானது மற்றவர்கள் பென்ஷன் வாங்கும் வயதில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இப்போது எஃப்.எம். ஆட்கள் நிறையப் பேர் நடிக்க வருகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இயக்குநர்கள் பலர் அவர்களிடம் அதே ரேடியோ வேகத்தையே கேட்டு வாங்குகிறார்கள், கதாநாயகனின் பக்கத்தில் நின்று கடகடவென்று பேசும் நண்பன் வேடத்துக்கு. வசனமே இல்லாமல், எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு காட்சியை முதல் படத்திலேயே அவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.