மகாலை இடித்தது பிளாக்பர்ன் இல்லை

மேலே ஒரு நண்பர், திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியை இடித்தவர் ஆங்கிலேய கலெக்டர் பிளாக்பர்ன் என்று எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது மதுரை ஊரைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவர். வெளிவீதிகள் அப்படி வந்தவைதான். மகால் சுருங்கியதோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பு. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார். கேட்க வருத்தமாகத்தான் இருக்கிறது, தாத்தா ஆசையாகக் கட்டியதைப் பேரனே பிரித்தார் என்பது. பின்னாளில் சிதிலமாகிக் கிடந்த மிச்சத்தை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுதுபார்க்க வைத்தார். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் சொர்க்க விலாசம் என்ற அரசவை மண்டபம் அப்படித்தான் தப்பியது.

சரிபார்ப்பது எளிது. 1906இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மதுரை நகர் பற்றிய பகுதியில் சொக்கநாத நாயக்கர் செய்தது, கோட்டை இடிப்பு இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. அப்புறம், மதுரைக்காரர்கள் அடுத்த முறை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனால் பத்துத்தூண் சந்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். கடைகளுக்கு நடுவே நிற்கும் அந்தப் பத்துத் தூண்களும் பழைய அரண்மனையின் மிச்சம்தான். அந்த விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக ஊரார் வைத்தது.