சோப்பில் வார்த்த தாயுடல்

போரையும் தாயையும் சேர்த்துச் சிலை வடிக்க வேண்டுமென்றால் அரசுகளுக்கு முதலில் தோன்றுவது உயரம்தான். உக்ரைன் தலைநகர் கீவில், தினீப்பர் ஆற்றங்கரைக் குன்றின்மேல் நிற்கும் தாயகச் சிலை பீடத்தோடு சேர்த்து 102 மீட்டர் உயரமுள்ளது. சோவியத் ஆட்சியின்போது 1981இல் திறக்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகால் ஆன அந்தத் தாய் ஒரு கையில் வாளையும் மறு கையில் கேடயத்தையும் ஏந்தியிருக்கிறாள். குழந்தையைத் தூக்க அவளுக்குக் கையே இல்லை. 2023 ஆகஸ்டில் கேடயத்திலிருந்த சோவியத் சின்னத்தை அகற்றிவிட்டு உக்ரைனின் திரிசூலத்தைப் பொருத்தினார்கள். செய்ய வேண்டிய காரியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் சின்னம் மாறிய பிறகும் அவளுக்கு இட்ட பணி மாறவில்லை: பிள்ளைகளைப் போருக்கு அழைப்பதே அந்தப் பணி.

அதே நாட்டைச் சேர்ந்த மரியா குலிகோவ்ஸ்கா என்ற சிற்பியின் படைப்புகளைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்ததே, அந்த எஃகுத் தாயின்மீது எனக்கிருந்த பிரமிப்பைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது. 1988இல் கிரிமியாவின் கெர்ச் நகரில் பிறந்து, கீவில் கட்டடக்கலை பயின்றவர் அவர். தம் உடலையே அச்செடுத்து, அதைச் சோப்பில் வார்ப்பது அவரது வழக்கம். 2012இல் அப்படி வார்த்த உருவங்களை, தோனெத்ஸ்க் நகரில் பழைய தொழிற்சாலை ஒன்றில் இயங்கிவந்த இசோலியாட்சியா கலை மையத்தின் திறந்தவெளியில், மழையும் பனியும் கரைக்கட்டும் என்று நிறுத்தினார். இயற்கை தன் வேலையை முடிப்பதற்குள் மனிதர்கள் முந்திக்கொண்டார்கள். 2014 ஜூனில் அந்த இடத்தைக் கைப்பற்றிய ரஷ்ய ஆதரவு ஆயுதக்குழுவினர் அவ்வுருவங்களைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். கலை மையம் பின்னர் சிறையாயிற்று. அங்கே நடந்த சித்திரவதைகள் ஐ.நா. அறிக்கைகளில் பதிவாகியுள்ளன. பெண்ணுடலின் வார்ப்பைச் சுட்டவர்கள் அடுத்து உயிருள்ள உடல்களிடம் வந்தார்கள் என்பதை யாரும் தற்செயல் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

அதே ஆண்டில் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதால் அவர் பிறந்த ஊரை இழந்தார். இடம்பெயர்ந்தோர் பட்டியலில் அவருக்குக் கிடைத்த எண் 254. அந்த எண்ணையே தலைப்பாக்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகப் படிக்கட்டில், உக்ரைன் கொடியைப் போர்த்திக்கொண்டு பிணம்போல் கிடந்து ஒரு நிகழ்த்துகலையை நடத்தினார். பிறகு 2022 பிப்ரவரியில் முழுப்போர் தொடங்கியபோது, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு கீவையும் விட்டு வெளியேறி, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரை அடைந்தார். 18 முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறக்கூடாது என்று உக்ரைன் அரசு அப்போது விதித்திருந்ததால், எல்லையைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமாகவே இருந்தார்கள். என் உடலே போர்க்களம் என்ற பொருளில் லின்ஸில் அவர் வைத்த கண்காட்சியின் தலைப்பு, இவ்வளவையும் கடந்து வந்த ஒருவர் சொல்லும்போது வெறும் உருவகமாக நிற்பதில்லை.

உடலை அச்செடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தோலில் எண்ணெய் தடவி, மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் பட்டை பட்டையாக ஒட்டி, அது இறுகும்வரை அசையாமல் இருக்க வேண்டும். இறுகும்போது மாவு சூடேறும். மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு அப்படி அசையாமல் இருக்கும் பொழுது எங்கிருந்து கிடைக்கும்? பிள்ளை அழுதால் எழுந்தாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வயிறும் மார்பும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருப்பதால், எடுக்கும் அச்சும் ஒரு பருவத்துக்கு உரியதாகவே அமையும். ஆகவே சோப்பு என்ற கரையும் பொருள் தாயுடலுக்குப் பொருந்துவதுபோல் வெண்கலம் ஒருபோதும் பொருந்தாது என்பது என் துணிபு. துப்பாக்கிக் குண்டுகள் சதையை எப்படித் துளைக்கும் என்று ஆராய்வோர் பயன்படுத்துவதும் ஒருவகைச் சோப்பைத்தான். மென்மையாக இருந்தாலும், குண்டு போன வழி மூடிக்கொள்ளாமல் அதில் அப்படியே நின்றுவிடும்.

இங்கே சிற்பி கேத்தே கோல்விட்ஸைக் காட்டிச் சிலர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்புதான். 1914 அக்டோபரில் பெல்ஜியப் போர்முனையில் மாண்ட தம் மகன் பீட்டருக்காக, அந்த ஜெர்மானியத் தாய் எழுப்பிய நினைவுச்சின்னம் கருங்கல்லில் ஆனது, 1932இல்தான் நிறைவுற்றது. இறந்த மகனின் உருவத்தை முதலில் திட்டமிட்டவர் பிறகு அதை நீக்கிவிட்டு, மண்டியிட்ட தாயையும் தந்தையையும் மட்டும் தனித்தனியாக, ஒருவரையொருவர் தொடாமல் வைத்தார். மகன் படையில் சேர இசைவு தரும்படி கணவரை வற்புறுத்தியவர் அவரே என்பதை அறிந்து பார்த்தால், குனிந்திருக்கும் அந்தத் தாயிடம் துயரத்தைக் காட்டிலும் குற்றவுணர்வே கூடுதலாகத் தெரிகிறது. போரைப் பற்றிய சிற்பங்களில் இதற்கு இணையாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் கோல்விட்ஸுக்குப் பெர்லினில் வீடு இருந்தது, பட்டறை இருந்தது, மகனுக்கு ஒரு கல்லறை இருந்தது, திருத்தித் திருத்திச் செய்யப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. ஊரும் பட்டறையும் இரண்டு முறை பறிபோன ஒருவரிடம் கருங்கல்லை எதிர்பார்ப்பவர்கள், அதை எந்த மண்ணில் நடுவது என்றும் சொல்ல வேண்டும்.

வேறொரு எதிர்பார்ப்பும் இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. அகதியாக வந்த தாய் கலைஞர் என்றால் அழும் தாயைத்தான் செய்து காட்ட வேண்டும் என்று பார்வையாளர்கள் விரும்புகிறார்கள். மரியுபோல் நகர மகப்பேறு மருத்துவமனை 2022 மார்ச் 9 அன்று தாக்கப்பட்டபோது தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்ட கர்ப்பிணியின் படம் உலகெங்கும் போயிற்று. அவரும் குழந்தையும் இறந்தார்கள். அந்தப் படத்தைக் கண்டு கலங்கியதில் தவறில்லை. ஆனால் உயிரோடு வந்து சேர்ந்த தாய்மார்களிடமும் அந்தத் தூக்குப்படுக்கையையே தேடுவது இரக்கம் ஆகாது. குலிகோவ்ஸ்காவின் உருவங்கள் பெரும்பாலும் கண்ணீர் வடிப்பதில்லை. கூச்சமின்றி, நிர்வாணமாக, சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்குத் தன்னிலேயே குவிந்து நிற்கின்றன. அந்தத் தன்குவிப்பு அவரது சில படைப்புகளில் அளவு மீறுகிறது என்றே நினைக்கிறேன். அதையும் பரிதாபத்தின் பேரால் மறைக்காமல், மற்றெந்தச் சிற்பியிடமும் சொல்வதுபோல் சொல்வதே அவருக்குத் தரும் மரியாதை.

ஐரோப்பிய நிறுவனங்கள் பல, போரால் வெளியேறிய கலைஞர்களுக்குத் தங்குமிடமும் உதவித்தொகையும் தருகின்றன. ஆனால் இத்தகைய திட்டங்கள் பொதுவாகத் தனியாள் கணக்கில்தான் அமைகின்றன: ஓர் அறை, ஒரு பட்டறை, சில மாதங்கள். குழந்தையோடு வரும் சிற்பிக்கு முதலில் தேவைப்படுவது, மாவு இறுகும் நேரம்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தாய்மையும் போரும் பற்றிய கண்காட்சி ஒன்றுக்கு அழைப்பு விடுக்கும் எந்த அருங்காட்சியகமும் அந்த ஆளுக்கான சம்பளத்தைத் தன் செலவுக் கணக்கில் முதல் வரியாகவே எழுதிவிடலாம்.