வெர்லாண்டர் ஜெயிக்கும் வரை முடிவெட்டு இலவசம்

(சான் பிரான்சிஸ்கோ, 2025 ஜனவரி. பேஸ்பால் மைதானத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சலூன். கடைக்காரர் டெட்ராய்டிலிருந்து பிழைக்க வந்தவர். நாற்காலியில் 30-ஆம் நம்பர் பஸ் ஓட்டும் டிரைவர், அறுபதைத் தாண்டியவர், முகம் முழுக்க ஷேவிங் நுரையோடு.)

டிரைவர்: கேட்டியா தம்பி? நம்ம ஊர் பேஸ்பால் டீம் ஜயண்ட்ஸ், பந்து போடற பிட்சர் வெர்லாண்டரை எடுத்துட்டாங்களாம். ஒரே வருஷம், 15 மில்லியன் டாலர்.

சலூன்காரர்: கேட்டதுலேர்ந்து கை நடுங்குதுண்ணே.

டிரைவர்: அப்ப கத்தியைக் கீழே வை.

சலூன்காரர்: இது சந்தோஷ நடுக்கம். அந்த போட்டோவைப் பாருங்க. எங்க டெட்ராய்ட் டைகர்ஸ் தொப்பியில எப்படி நிக்கறாரு! 2006-ல சிறந்த புதுமுகம். 2011-ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, மொத்தத்துல மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான எம்விபி விருது ரெண்டும் ஒரே வருஷத்துல. அப்புறம் ஹூஸ்டன் போய் 2019, 2022-ன்னு இன்னும் ரெண்டு சை யங்.

டிரைவர்: போட்டோவுல இருக்கிற பையனை எடுத்திருந்தா நான் ஏன் வாயைத் திறக்கறேன்? வரப்போறவருக்கு அடுத்த மாசம் 42 வயசு.

சலூன்காரர்: 42 ஒரு வயசா? நீங்க இன்னும் பஸ் ஓட்டலையா?

டிரைவர்: நான் அவர் பந்து மாதிரி மணிக்கு 94 மைல் வேகத்துல ஓட்டறேன்னு யாருக்கும் வாக்கு கொடுக்கலையே.

சலூன்காரர்: அது ஊருக்கே தெரியும். சைனாடவுன்ல உங்க பஸ்ஸை, காய்கறிப் பையோட நடந்து போற பாட்டி முந்திட்டுப் போறாங்க.

டிரைவர்: அது டிராஃபிக். பேச்சை மாத்தாதே. போன வருஷம் ஹூஸ்டன்ல என்ன கிழிச்சாரு? போட்டதே 17 ஆட்டம். 5 வெற்றி, 6 தோல்வி. சராசரி 5.48. ஒன்பது இன்னிங்ஸுக்கு அஞ்சரை ரன் தானதர்மம்! தோள்ல வலி, கழுத்துல வலி. பிளே ஆஃப் வந்தப்ப அணியிலயே சேர்க்கலை.

சலூன்காரர்: சேர்க்காதவங்க கதி என்னாச்சு? முதல் சுத்துலயே ரெண்டு ஆட்டமும் தோத்து வீட்டுக்குப் போனாங்க. அனுப்பி வெச்சது யாரு? எங்க டெட்ராய்ட்! பெரிய மனுஷனை வெளியே உட்கார வெச்ச பாவம் சும்மா விடுமா?

டிரைவர்: அவரைச் சேர்த்திருந்தா?

சலூன்காரர்: அப்பவும் டெட்ராய்ட்தான் ஜெயிச்சிருக்கும். பாவம் மட்டும் இருந்திருக்காது.

டிரைவர்: உன் ஊர் ஞாயம் உன்னோட. நான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சீசனுக்கு முப்பது ஆட்டம் போடறாருன்னே வெச்சுக்கோ. ஆட்டத்துக்கு அரை மில்லியன். ஆட்டத்துக்கு 95 பந்துன்னு வெச்சா, ஒரு பந்துக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல விழுது! ஸ்டிரைக்குக்கும் ஐயாயிரம், தரையில குத்திப் போற பந்துக்கும் ஐயாயிரம். நான் ஒரு ஸ்டாப்புல தப்பா நிறுத்தினா சம்பளமா தர்றாங்க? திட்டுதான்.

சலூன்காரர்: இது மலிவுண்ணே. 2023-ல நியூயார்க் மெட்ஸ் டீம் இவருக்கு வருஷத்துக்கு 43 மில்லியன் கொடுத்தாங்க. பாதி சீசன்லயே ஹூஸ்டனுக்குத் திருப்பி அனுப்பினாங்க.

டிரைவர்: இதை நீ அவருக்கு ஆதரவாத்தான் சொல்றியா?

சலூன்காரர்: விலை குறைஞ்சிருக்குன்னு சொல்றேன்.

டிரைவர்: மீன் மார்க்கெட்லயும் சாயங்காலம் விலை குறையும். ஏன் குறையுதுன்னு கேட்டுட்டுத்தான் வாங்கணும்.

சலூன்காரர்: சரி, வேற யாரு இருக்கா? நம்ம பிட்சர் ஸ்னெல்லை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ்காரன் 182 மில்லியன் கொடுத்துத் தூக்கிட்டுப் போயிட்டான். ஆட்டத்தை முறை போட்டு ஆரம்பிக்கற பிட்சர் வரிசை, அதான் ரோட்டேஷன், அதுல நமக்கு அஞ்சு பேர் வேணும். முன்னாடி வெப், ராபி ரே. பின்னாடி பேர்ட்சாங், ஹாரிசன், ரூப்னு எல்லாம் இளசு. பக்கத்துல ஒரு அனுபவஸ்தர் உட்கார்ந்தா கத்துக்குவாங்க இல்ல?

டிரைவர்: கத்துக்கொடுக்கவா 15 மில்லியன்? என் பஸ்ல வருஷா வருஷம் புது டிரைவரை ஏத்தி விடறாங்க. மேட்டுல பிரேக்கை எப்படிப் பிடிக்கணும், வாடிக்கையாத் திட்டறவங்களை எப்படிச் சிரிச்சே இறக்கி விடணும், எல்லாம் நான்தான் சொல்லித் தர்றேன். ஒரு காபி உண்டா?

சலூன்காரர்: ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட் கூட விடாத நோ ஹிட்டர், அவர் மாதிரி நீங்க மூணு போட்டிருக்கீங்களா?

டிரைவர்: இருபது வருஷமா யாரையும் இடிக்கலை. அதுவும் நோ ஹிட்டர்தான்.

சலூன்காரர்: மோவாயைத் தூக்குங்க. தொண்டைக்கு வரேன்.

டிரைவர்: எனக்கு ஒண்ணுதான் புரியலை. இவரை எடுத்தது பஸ்டர் போசி, ஜயண்ட்ஸ் டீமை இப்ப நடத்தறவர். 2012-ல பட்டத்துக்கான உலகத் தொடர்ல, எதிரணியான நம்ம ஜயண்ட்ஸோட கேட்சரா உட்கார்ந்து, இவர் அடி வாங்கறதைக் கண்ணால பார்த்தவர். முதல் ஆட்டம், இதே மைதானம். நான் பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு ஓடியே வந்தேன். நம்ம சண்டோவல் பந்தை வேலிக்கு வெளியே அடிச்சான் பாரு...

சலூன்காரர்: (கத்தியைத் தொண்டையில் வைத்தபடி) எத்தனை ஹோம் ரன்ணே?

டிரைவர்: ...மூணு.

சலூன்காரர்: தலையை ஆட்டாதீங்க. எங்க ஆளு பந்துல எத்தனை?

டிரைவர்: ரெண்டு. ரெண்டுதான். மூணாவது வேற ஒருத்தர். எங்க சண்டோவலுக்கு அன்னிக்கு ஏதோ நல்ல நேரம்.

சலூன்காரர்: ரெண்டாவது பறந்தப்ப எங்க ஆளு 'வாவ்'னு வாயசைச்சாரு, டிவியில காட்டினாங்க. நான் அன்னிக்குச் சாப்பிடலை. நாலே ஆட்டத்துல டெட்ராய்டைத் துடைச்சுட்டீங்க. இப்ப அதே மைதானத்துல, உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு, உங்க காசுல, அவர் நிக்கப் போறாரு. கடவுள் இருக்காருண்ணே.

டிரைவர்: இருக்காரு. கத்தியை எடு.

சலூன்காரர்: பிட்சர் ரேண்டி ஜான்சனை மறந்துட்டீங்களா? 45 வயசுல, 295 வெற்றியோட இதே ஜயண்ட்ஸுக்கு வந்தாரு. அப்பவும் இதே நாற்காலியில உட்கார்ந்து 'கிழவன், கிழவன்'னீங்க. 2009 ஜூன்ல 300-ஐத் தொட்டாரா இல்லையா? அவருக்கு அப்புறம் ஒருத்தரும் அந்த எண்ணைத் தொடலை. எங்க ஆளு இப்ப 262. அவருக்கும் அந்த 300 மேலதான் கண்ணு.

டிரைவர்: இன்னும் 38 வேணும்! வருஷத்துக்குப் பத்துன்னாலும் 45 வயசைத் தாண்டிடும்.

சலூன்காரர்: பிட்சர் ஜேமி மோயர் 49 வயசுல ஒரு ஆட்டம் ஜெயிச்சாரே!

டிரைவர்: இவர் நமக்கு ஒண்ணு ஜெயிக்கட்டும், பார்ப்போம்.

சலூன்காரர்: ஏப்ரல் முடியறதுக்குள்ள மூணு ஜெயிப்பாரு. பந்தயமா? அவர் ஜயண்ட்ஸுக்கு முதல் வெற்றி வாங்கற வரைக்கும் உங்களுக்கு முடிவெட்டும் ஷேவும் இலவசம். சீசன் ஆரம்பிக்கற நாள்லேர்ந்து கணக்கு.

டிரைவர்: எழுதிக் கொடு.

சலூன்காரர்: ஒரு கண்டிஷன். அவர் தோக்கணும்னு வேண்டிக்கக் கூடாது.

டிரைவர்: நான் ஜயண்ட்ஸ் ரசிகன்யா! வேண்டிக்கவே மாட்டேன். பேனா எங்கே?

(ஜூன். அதே சலூன். டிரைவர் உள்ளே வந்து தானாகவே துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்.)

சலூன்காரர்: செவ்வாய்க்கிழமைதானே வெட்டினேன்?

டிரைவர்: காதோரம் லேசா வளர்ந்திருக்கு.

சலூன்காரர்: அது நிழல்.

டிரைவர்: நிழலையும் எடுத்துடு. காசா பணமா?

சலூன்காரர்: அண்ணே, அவர் மேல தப்பே இல்லை. நடுவுல மார்புத் தசை வேற பிடிச்சுக்கிச்சு. நல்லாப் போடற அன்னிக்கு நம்ம ஆளுங்க மட்டையைத் தூக்கறதில்லை. ரெண்டு ரன் எடுத்தா எந்த பிட்சர் ஜெயிப்பான்?

டிரைவர்: முன்னாடி அவர் போட்ட ஆட்டம் ஒண்ணுல நாம ஜெயிச்சோமே?

சலூன்காரர்: (ஆர்வத்துடன்) ஜெயிச்சோம்தானே! அப்ப பந்தயம்...

டிரைவர்: விதி என்ன? ஆரம்பிக்கிற பிட்சர் அஞ்சு இன்னிங்ஸ் முழுசாப் போடணும். இறங்கறப்ப அணி முன்னிலையில இருக்கணும். அந்த முன்னிலை கடைசி வரைக்கும் கைவிட்டுப் போகக் கூடாது. அப்பதான் வெற்றி அவர் பேர்ல ஏறும். அன்னிக்கு அது அவருக்கு அமையலை. வெற்றி அப்புறம் வந்த ரிலீஃப் பையனுக்குப் போயிடுச்சு. மீசையையும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணு.

சலூன்காரர்: சரக்கு இறக்கினது ஒருத்தர், கூலி வாங்கினது இன்னொருத்தரா? என்ன விதி இது?

டிரைவர்: ஜனவரியில 262 வெற்றின்னு இதே விதியை வெச்சுத்தான் எண்ணினே. அப்ப இனிச்சுது.

சலூன்காரர்: உண்மையைச் சொல்லுங்க. அவர் பந்து போடறப்ப மனசுல என்ன ஓடுது?

டிரைவர்: (தயங்கி) நாம ஜெயிக்கணும். ஆனா ஆறாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஜெயிச்சிடக் கூடாது. ராத்திரி தூக்கம் வரலை தம்பி. முப்பது வருஷ விசுவாசத்தை ஓசி முடிவெட்டுல வித்துட்டேன்னு என் சம்சாரம் சொல்றா. என் தலையைப் பார்த்து 'பட்டாளத்துல சேரப் போறீங்களா'ன்னும் கேட்டா.

சலூன்காரர்: உங்களால என் கடையே நட்டத்துல ஓடுது. நேத்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து மச்சான்னீங்க.

டிரைவர்: பந்தயம் குடும்பத்துக்கும் சேர்த்துத்தானே?

(ஜூலை 24. கடைக்குள் ரேடியோ அலறுகிறது. டிரைவர் வாசலில் தயங்கி நிற்கிறார்.)

சலூன்காரர்: வாங்கண்ணே, வாங்க! பார்த்தீங்களா நேத்து? அட்லாண்டாவுல! அஞ்சு இன்னிங்ஸ், ஒரு ரன் விடலை! நம்ம ஆளுங்க ஒன்பது ரன்! ஒன்பது! 263!

டிரைவர்: பார்த்தேன். 17-வது ஆட்டத்துல. அதுவரைக்கும் எட்டுத் தோல்வி, மிச்சம் எட்டு எந்தக் கணக்குலயும் சேரலை.

சலூன்காரர்: சந்தோஷமா இல்லையா?

டிரைவர்: துள்ளிக் குதிச்சேன். அப்புறம் பர்ஸ் ஞாபகம் வந்தது, உட்கார்ந்துட்டேன்.

சலூன்காரர்: நாற்காலியில உட்காருங்க. நாற்பது டாலர்.

டிரைவர்: மார்ச்சுல முப்பத்தஞ்சா இருந்ததே!

சலூன்காரர்: உங்க மச்சானுக்கு வெட்டினதையெல்லாம் எங்கே போய் வசூல் பண்றது?

டிரைவர்: சரி, இன்னொரு பந்தயம் போடுவோம். அவர் 300 எட்டற வரைக்கும் எனக்கு இலவசம். இன்னும் 37தானே, நீதான் நம்பறியே?

சலூன்காரர்: அவரை நம்பறேண்ணே. அதுவரைக்கும் உங்க தலையில முடி இருக்கணுமே?

டிரைவர்: 42 வயசுத் தோள் தாங்கும்ங்கறே. என் தலைமேல மட்டும் உனக்கு நம்பிக்கை இல்லை!