மலைப்பாதையில் ஏறும் லாரியும் காவலூர்த் தொலைநோக்கியும்

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்துக்குச் செலவிடும் பணத்தை வாகனப் புகையைக் குறைக்கச் செலவிட்டிருந்தால் மக்களுக்குப் பயன் கிடைத்திருக்கும் என்ற பேச்சை, ஆலங்காயம், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் படித்தவர்களிடமே நான் கேட்கிறேன். புகையின் மீது அவர்களுக்குள்ள கோபம் நியாயமானது. பேரணாம்பட்டிலிருந்து ஆந்திரத்து வி.கோட்டாவுக்குப் பத்தலப்பல்லி வழியாக ஏறும் மலைப்பாதையில் சரக்கு லாரிக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் போகும் எவருக்கும் அந்தக் கோபம் வரும். ஆனால் வானியற்பியலும் புகைக் கட்டுப்பாடும் ஒரே பணத்துக்குப் போட்டியிடும் இரண்டு வேலைகள் என்ற எண்ணம் தவறு என்று உறுதியாகக் கருதுகிறேன். இரண்டும் சூடான வாயுவைப் பற்றிய ஒரே அறிவின் இரு கிளைகள்.

யாக்கோவ் செல்டோவிச் என்ற சோவியத் அறிவியலாளரின் வாழ்க்கையே இதற்குச் சான்று. எரிதலை ஆராய்ந்த அவர், தீச்சுடரின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரிக் ஆக்சைடு உருவாகும் வழியை 1940களில் விளக்கினார். எரிபொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எஞ்சினுக்குள் வெப்பநிலை ஏறத்தாழ 1800 கெல்வினை (சுமார் 1500 டிகிரி செல்சியஸை) தாண்டினால் இந்த வாயு வேகமாகப் பெருகும் என்பதை இன்றும் எஞ்சின் வடிவமைப்பாளர்கள் அவர் பெயராலேயே படிக்கிறார்கள். அதே செல்டோவிச் 1960களில் அண்டவியலுக்குத் திரும்பி, விண்மீன் திரள் கொத்துகளிலுள்ள வெப்ப வாயு, பெருவெடிப்பின் மிச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை எப்படி மாற்றுகிறது என்பதைத் தம் மாணவர் ரஷீத் சுன்யாயெவுடன் கணித்தார். வானியல்தான் எஞ்சினைச் சுத்தமாக்கியது என்று இதைக் கொண்டு நான் வாதிட வரவில்லை. அவர் விஷயத்தில் பாதை தீச்சுடரிலிருந்து வானுக்குத்தான் போயிற்று. ஆனால் ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று வளரும் என்று நம்புகிறவர்கள், இரண்டையும் ஒரே மூளை செய்ததற்கு விடை சொல்ல வேண்டும்.

தொட முடியாத வாயுவை அதன் ஒளியைக் கொண்டே அடையாளம் காணும் முறை, இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூருக்கு வந்தார். அந்தக் கிரகணத்தின்போது சூரிய விளிம்பின் ஒளியில் பலரும் கண்ட மஞ்சள் கோடு ஹீலியத்துடையது. அந்த வாயுவைப் பூமியில் பிரித்தெடுக்க 1895 வரை ஆயிற்று. ஜவ்வாது மலையில் 1986இல் திறக்கப்பட்ட, 2.34 மீட்டர் விட்டமுள்ள காவலூர்த் தொலைநோக்கியும் விண்மீனின் ஒளியைப் பிரித்து, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்பதைக் காணவே பெரிதும் பயன்படுகிறது. புகைச் சான்று மையத்தில் பெட்ரோல் வண்டியின் சைலன்சருக்குள் குழாயை விட்டுக் கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியும், அந்த வாயு அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்றுதான் பார்க்கிறது.

நம் உண்மையான குறை அந்தச் சான்று மையத்தில்தான் இருக்கிறது. பெட்ரோல் வண்டி அங்கே நின்ற நிலையில் சோதிக்கப்படுகிறது. டீசல் வண்டியைக் கியர் போடாமல் முடுக்கி, புகையின் கருமையை மட்டும் அளக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடு உள்ளிட்ட நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதே இல்லை. நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது. வண்டி முழு லோடுடன் மேடேறும்போது, எஞ்சின் மிகவும் சூடாகும் வேளையில்தான் அது அதிகம் பிறக்கிறது. ஆகவே கரும்புகையே விடாத லாரி கூட நம் நுரையீரலுக்குப் பெரும் கேடு செய்யலாம், வட்டாரத்தில் தரையருகே நச்சான ஓசோன் வாயுவையும் பெருக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த, புதிய வாகனங்களின் புகைக்கு வரம்பிடும் பாரத் ஸ்டேஜ் 6 விதி, கனரக டீசல் எஞ்சின்களுக்கு இந்த ஆக்சைடுகளின் வரம்பை, எஞ்சின் தரும் ஒவ்வொரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கும் 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாகக் குறைத்தது. அதை அடையப் பல லாரிகளில் யூரியாக் கரைசலைப் புகைப்போக்கில் தெளித்து அந்த ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றும் அமைப்பு இருக்கிறது. யூரியாச் செலவை மிச்சப்படுத்த, கரைசல் தெளிக்கப்படுவதாக எஞ்சின் கணினியை நம்பவைக்கும் சிறு பெட்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டிகூட இன்றைய புகைச் சோதனையில் தேறிவிட முடியும். விதியை இவ்வளவு கடுமையாக எழுதிவிட்டு, சாலையில் அதை அளக்காமல் விடுவது பெரும் அலட்சியம்.

இங்குதான் வானியலாளரின் முறை நமக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மனும் அவர் குழுவினரும் சாலையின் குறுக்கே ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, ஓடும் வண்டியின் புகையை ஒரு நொடிக்குள் அளக்கும் கருவியை உருவாக்கினார்கள். பின்னர் புற ஊதா ஒளியால் நைட்ரிக் ஆக்சைடையும் அளந்தார்கள். புகை காற்றில் எவ்வளவு கலைந்தது என்பது கருவிக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் ஒரே அளவில் கலைவதால், நச்சு வாயுவுக்கும் கார்பன் டைஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். விண்மீனின் இரும்பை ஹைட்ரஜனோடு ஒப்பிட்டுச் சொல்லும் அதே சிந்தனை இது. ஹாங்காங் 2014 முதல் இம்முறையில் அதிகம் மாசுபடுத்தும் பெட்ரோல், எரிவாயு வண்டிகளைப் பிடித்து மறு சோதனைக்கு அனுப்புகிறது.

தமிழ்நாடும் ஆந்திரமும் சேர்ந்து, பத்தலப்பல்லி போன்ற ஏற்றங்களில் இத்தகைய கருவியை வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். சமதளத்துச் சோதனைச் சாவடியில் வைத்தால் பயன் குறைவு. வண்டி இரண்டாம் கியரில் திணறி ஏறும் வளைவுக்கு அருகில் வைக்க வேண்டும். வேலூர், சித்தூர் மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் அளவீடுகளைப் பகுப்பாய்வு செய்யலாம். நிறமாலையைப் படிக்கும் பயிற்சிக்குக் காவலூர் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் ஓராண்டு அபராதம் வேண்டாம். லோடு ஓட்டுபவர் பெரும்பாலும் வண்டியின் உரிமையாளர் அல்லர். அளவு மிகுந்தால் அறிவிப்பு உரிமையாளரின் முகவரிக்கே போக வேண்டும், அந்த வண்டியின் யூரியா அமைப்பைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த தகுதிச் சான்று வழங்கப்பட வேண்டும்.